நடுவில் இருத்தல்

ஆங்கிலத்தில் 'இன்டரஸ்ட்' என்று ஒரே சொல் இருக்கிற இடத்தில் நம்மிடம் குறைந்தது எட்டு இருக்கின்றன. வட்டி, அக்கறை, ஆர்வம், ஈடுபாடு, நலன், பங்கு, பாத்தியதை, சுவாரஸ்யம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. வட்டியில் ஒருவனுக்கு ஆர்வம் இருக்கலாம். ஆர்வத்துக்கு யாரும் வட்டி தருவதில்லை. இதைக் காட்டித் தமிழின் சொல்வளம் என்று மார்தட்டக் கிளம்புகிறவர்கள் கிளம்பட்டும். எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. எட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டதால், எட்டையும் இணைத்து ஓடுகிற தடம் நம் கண்ணில் படுவதில்லை. ஆங்கிலேயனுக்கோ எல்லாம் ஒரே சொல்லாக இருப்பதாலேயே அது படுவதில்லை. பகலில் வங்கி, இரவில் விமர்சனம் என்று இரண்டுக்கும் நடுவில் பிழைக்கிறவனுக்கு அது அவ்வப்போது காலில் இடறுகிறது.

லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையில். 'எஸ்ஸெ' என்றால் இருத்தல். இடையில் இருப்பது. அதிலிருந்து வித்தியாசம் உண்டாக்குவது, பொருட்படுத்தத் தக்கதாக இருப்பது என்று பொருள் விரிந்தது. இதில் பணத்தின் வாடையே இல்லை. பணம் வந்து ஒட்டிக்கொண்டது சட்டக்காரர்களால். மத்தியகால ஐரோப்பாவில் கடனுக்கு மேல் ஒரு காசு வாங்குவதும் பாவம். அந்தப் பாவத்தின் பெயர் 'யூசுரி'. 1179இல் கூடிய மூன்றாவது லேட்டரன் சபை, வெளிப்படையாக அந்தத் தொழில் செய்கிறவனுக்குக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம்கூடக் கிடையாது என்று தீர்மானித்தது. ஆனால் வியாபாரம் நடக்க வேண்டுமே. சட்ட அறிஞர்கள் ரோமானியச் சட்டத்தைத் துழாவி வழி கண்டுபிடித்தார்கள். குறித்த நாளில் கடன் திரும்பி வரவில்லை. அதனால் கொடுத்தவனுக்கு நஷ்டம். பணம் வந்திருந்தால் அவன் எந்த நிலையில் இருந்திருப்பான், இப்போது எந்த நிலையில் இருக்கிறான் என்ற இரண்டுக்கும் இடையில் இருக்கிறதே, அந்த வித்தியாசத்தை மட்டும் ஈடாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் 'இன்டரெஸ்ஸெ'. ஆக 'யூசுரி'யும் 'இன்டரஸ்ட்'டும் அகராதியில் இன்று பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், பிறக்கும்போது எதிரிகள். ஒன்று பாவம், இன்னொன்று அந்தப் பாவம் அல்லாதது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1545இல் நூற்றுக்குப் பத்து வரை வாங்கலாம் என்று சட்டம் செய்தான். 1552இல் அது ரத்தாகி, 1571இல் எலிசபெத் காலத்தில் உயிர் பெற்றது. பிறகு உச்சவரம்பு 1624இல் எட்டு, 1714இல் ஐந்து என்று இறங்கி, 1854இல் வரம்பே எடுக்கப்பட்டுவிட்டது. இந்த இடைவெளியில் எங்கோ ஒழுக்கக்கேடு சதவிகிதப் பிரச்சினையாக மாறிப்போயிற்று. நியாயமான விகிதம் என்றால் 'இன்டரஸ்ட்', அதற்கு மேலே போனால் 'யூசுரி'. தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறதே, அதுவும் இந்த மனோபாவத்தின் வாரிசுதான்.

என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொன்று. மற்ற மொழிகளில் வட்டிக்கான சொற்கள் பெரும்பாலும் பிறப்பையும் வளர்ச்சியையும் குறிக்கின்றன. கிரேக்கத்தில் 'டோகோஸ்' என்றால் வட்டியும்தான், ஈன்ற குட்டியும்தான். பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு விரோதம் என்று அரிஸ்டாட்டில் 'அரசிய'லில் முகம் சுளித்தது இந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான். நம்முடைய வட்டியையும் விருத்தி என்பதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அகராதியை விடுங்கள், கடைத்தெருவில் வட்டி குட்டி போடுகிறது, வட்டி ஏறுகிறது. இவற்றிலெல்லாம் பணம் ஒரு உயிர்ப்பிராணி, தானாக வளரும். 'இன்டரஸ்ட்' என்ற சொல்லில் மட்டும் எதுவும் வளரவில்லை. இரண்டு பேர், இரண்டு நாட்கள், நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்கு ஒரு விலை.

வங்கியில் இந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கலாம். 2010 ஏப்ரல் 1க்கு முன்னால் சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட்ட விதம் இது: ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி முடிவிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. 10ஆம் தேதி கட்டியவனுக்கு முழு மாதம். 11ஆம் தேதி கட்டியவனுக்கு ஒன்றுமில்லை. மாதம் முழுக்க வைத்திருந்து 30ஆம் தேதி மருத்துவச் செலவுக்கு எடுத்தவனுக்கு, எடுத்த தொகை மட்டில் அந்த மாதம் நடக்கவே இல்லை. பேரேட்டில் கைப்பட வட்டி போட்ட மூத்தவர்கள், 10ஆம் தேதி சாயங்காலம் கவுன்ட்டரில் இருக்கும் நெரிசலைச் சொல்வார்கள். இப்போது நாள்தோறும் உள்ள இருப்புக்கு இரவில் இயந்திரம் கணக்குப் போட்டுவிடுகிறது. நியாயம் கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. என்றாலும் காலத்துக்கு விலை உண்டு என்பதை 11ஆம் தேதி வந்தவனின் முகத்தில் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விட்டது.

பணத்திலிருந்து இந்தச் சொல் மனசுக்குள் நுழைந்த கதையை ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட 'கீவேர்ட்ஸ்' நூலில் தொட்டுக்காட்டுகிறார். சொத்தில் உள்ள பாத்தியதையைக் குறித்த சட்டச்சொல்லும் கடனைக் குறித்த கணக்குச்சொல்லும்தான், கவனம், ஈர்ப்பு என்ற நம் அந்தரங்க அனுபவங்களுக்கும் பெயராயின என்பது அவர் பார்வை. நாம் ஒரு கவிதையில் 'இன்டரஸ்ட்' கொள்ளும்போது நம்மையறியாமல் முதலாளித்துவத்தின் மொழியைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது இதிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு. உண்மை இருக்கிறது, முழு உண்மையில்லை. பணத்துக்கு முன்பே லத்தீனில் அந்தச் சொல் 'பொருட்படுத்தத் தக்கது' என்றிருந்ததை மறந்தால்தான் இந்த முடிவு அவ்வளவு சுளுவாக வரும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1977இல் எழுதிய நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர்கள் சிலருக்கு 'இன்டரஸ்ட்' ஒரு நம்பிக்கை தரும் சொல். புகழ்வெறி, அதிகார வெறி போன்ற உணர்ச்சிகளால் ராஜாக்கள் நாட்டைச் சுடுகாடாக்கிக்கொண்டிருந்த காலத்தில், லாப நஷ்டம் பார்க்கிறவன் அபாயம் குறைந்தவன் என்று அவர்கள் கருதினார்கள். நூற்றாண்டுகள் கடந்துவிட்டன, லாப நஷ்டம் பார்க்கிறவன் எவ்வளவு அபாயமானவன் என்பது இப்போது நமக்குத் தெரியும்.

சட்டத்தில் அந்தச் சொல் இன்னும் பழைய அப்பாவித்தனத்தோடுதான் இருக்கிறது. 1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு 'வெஸ்டட் இன்டரஸ்ட்' என்பது என்ன என்று விளக்குகிறது. சொத்தில் ஏற்கெனவே உறுதிப்பட்டுவிட்ட உரிமை, அவ்வளவே. அனுபவிக்கும் நாள் பின்னால் வந்தாலும் உரிமை இப்போதே நிலைத்துவிட்டது. தாத்தா எழுதிவைத்த நிலத்தில் பால்குடிக் குழந்தைக்கும் அது இருக்கலாம். இதைத்தான் நம் பத்திரிகைகள் 'சுயநல சக்திகள்' என்றும், ஆவேசம் வந்தால் 'தீய சக்திகள்' என்றும் மொழிபெயர்க்கின்றன.

'இன்டரஸ்டிங்' என்ற பெயரடையைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. ஹென்றி ஜேம்ஸ் 1884இல், நாவலிடம் முன்கூட்டியே நாம் வைக்கக்கூடிய ஒரே நிபந்தனை அது சுவாரஸ்யமாக இருக்க வேண்டும் என்பதுதான் என்றார். அவர் சொன்னபோது அது கடுமையான நிபந்தனை. இப்போது, படிக்காத புத்தகத்தைப் பற்றி அதை எழுதியவனிடமே பேச நேர்கிறவன் உபயோகிக்கிற சொல். வாரப்பத்திரிகைகளின் 'சுவாரஸ்யம்' வேறு ஜாதி. அதில் வாசகன் தன்னை மறப்பதற்கே காசு கொடுக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். விமர்சகனை நேராகத் தொடுகிற சொல் 'டிஸ்இன்டரஸ்டட்.' பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 'அன்இன்டரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாதவன், 'டிஸ்இன்டரஸ்டட்' என்றால் பக்கச்சார்பில்லாதவன். இரண்டையும் குழப்புகிறவன் நாகரிகத்துக்கு வெளியே நிற்கிறவன் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். சரித்திரம் இந்த ஆசாரத்தைக் கேலி செய்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் 'டிஸ்இன்டரஸ்டட்' ஆர்வமில்லாதவனையும் குறித்தது. 'அன்இன்டரஸ்டட்' பக்கச்சார்பில்லாதவனையும் குறித்தது. இரண்டும் வீடு மாற்றிக்கொண்டது பிற்பாடுதான். சார்பின்மைக்கும் அசிரத்தைக்கும் ஒரே வாசல் இருந்தது என்பதுதான் இதில் எனக்குத் தைக்கிறது. நீதிபதியின் அமைதியையும் தூங்கி வழிகிறவனின் அமைதியையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது கஷ்டம்.

விமர்சனத்தின் விதி ஒரே சொல்லில் அடங்கும், அது 'டிஸ்இன்டரஸ்டட்னெஸ்' என்று மாத்யூ ஆர்னால்ட் 1864இல் எழுதினார். கட்சி, சபை, உடனடி நடைமுறைப் பயன் எதற்கும் கட்டுப்படாமல் மனசைச் சுதந்திரமாக விஷயத்தின் மேல் உலவவிடுவது. அதற்கு முன்பே 1790இல் காண்ட், அழகைப் பற்றிய தீர்ப்பு 'இன்டரஸ்ட்' கலவாததாக இருக்க வேண்டும் என்று நிறுவியிருந்தார். அவருடைய உதாரணம் ஒரு அரண்மனை. இது அழகாயிருக்கிறதா என்று கேட்கிறார்கள். பாரிசுக்கு வந்த இரோக்வா இனத் தலைவன் போல, எனக்கு இங்கே பிடித்தது சாப்பாட்டுக் கடைகள்தான் என்று ஒருவன் சொல்லலாம். ரூஸோவின் பாணியில், ஜனங்களின் வேர்வையை இப்படி வீண் பொருட்களில் கரைக்கிற பெரிய மனிதர்களின் அகந்தையை ஒருவன் சபிக்கலாம். ஆளில்லாத தீவில் எனக்கொரு வசதியான குடிசை இருந்தால், இப்படியொரு அரண்மனையை நினைத்த மாத்திரத்தில் வரவழைக்க முடிந்தாலும் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று இன்னொருவன் சொல்லலாம். எல்லாம் சரி, ஆனால் கேள்வி அதுவல்ல என்கிறார் காண்ட். வெறுமனே பார்க்கும்போது இது எனக்கு இன்பம் தருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. 1887இல் நீட்சே இதைக் கிண்டல் செய்தார். அழகு சந்தோஷத்தின் வாக்குறுதி என்று கண்ட ஸ்தாந்தாலை எதிரே நிறுத்தி, இருவரில் யார் கலையை அறிந்தவர் என்று கேட்டார். நல்ல கிண்டல். ஆனால் அது காண்டின் பலவீனமான இடத்தில் விழவில்லை.

பலவீனமான இடம் அந்த வேர்வையில் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையை விரும்புகிறவனின் 'இன்டரஸ்ட்' அவனுடைய சொந்த வயிறு. அரண்மனையைச் சபிக்கிறவனோ தன்னுடைய வேர்வைக்காகப் பேசவில்லை, யாருடையதோ வேர்வை. ஒரு கணக்கில் பார்த்தால், சும்மா நின்று ரசிப்பவனைவிட அவன்தான் தன்னலமற்றவன். காண்ட் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வெளியே வைத்துவிட்டார். தன் வயிற்றின்மேல் உள்ள அக்கறைக்கும் பிறத்தியான் முதுகின்மேல் உள்ள அக்கறைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு தூய்மை, கலைக்கு எதற்கு?

'டிஸ்இன்டரஸ்டட்' என்பதைத் தமிழில் 'பற்றற்ற' என்று பெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உடனே காவி கட்டிக்கொண்டுவிடுகிறது. பற்று என்பது ஒட்டிக்கொண்டிருப்பது; 'இன்டரஸ்ட்' இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் இருப்பது. ஒட்டிக்கொண்டபின் இடைவெளி ஏது? 'தன்னலமற்ற' என்பது தியாகிகளுக்கு நேர்ந்துவிடப்பட்ட சொல். மிஞ்சுவது 'நடுநிலை.' அன்றாடம் புழங்குவது இதுதான். இங்கேதான் மேலே சொன்ன தடம் குறுக்கே வருகிறது. லத்தீன்காரனுக்கு நடுவில் இருப்பது என்றால் சம்பந்தப்பட்டிருப்பது. தமிழனுக்கு நடுவில் இருப்பது என்றால் சம்பந்தமில்லாதிருப்பது. ஒரே இடம், அவன் அங்கே நிற்பவனை வாதி என்கிறான், நாம் நீதிபதி என்கிறோம்.

ஆனால் வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஒதுக்கிய 12ஆவது அதிகாரத்தைக் கடைசி வரை படிக்க வேண்டும். தராசுக்கோல் எல்லோருக்கும் தெரியும். அதிகாரத்தின் முடிவில் வியாபாரி வருகிறான். அவனிடம் கேட்கப்படுவது சார்பின்மை அல்ல. மற்றவனுடைய பொருளையும் தன்னுடையது போலப் பேணுவது. 'தன்னுடையது' என்ற உணர்வை ஒழிக்கச் சொல்லவில்லை. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு எதிராளி வரை நீட்டச் சொல்கிறது. தராசு எங்கேயும் சாயாமல் நிற்பதும், வியாபாரி இரண்டு பக்கமும் சாய்வதும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. உரைக்காரர்களுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும்.

இதே நீட்சியைத் தத்துவமாக்க முயன்ற ஒரு விமர்சகன் உண்டு. வில்லியம் ஹாஸ்லிட் 1805இல், 27 வயதில், மனித மனத்தின் இயல்பான தன்னலமின்மையை வாதிட்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். யாரும் சீந்தவில்லை. வாதம் இது: கடந்த காலத்தோடு என்னை நினைவு கட்டிப்போடுகிறது; நிகழ்காலத்தோடு புலன்கள் கட்டிப்போடுகின்றன. எதிர்காலத்தோடு என்னைக் கட்ட எதுவுமில்லை. நாளைக்கு வலிக்கப்போகிற என் பல் இன்று எனக்கு வலிப்பதில்லை. நாளைய 'நான்' இன்னும் உண்டாகவே இல்லை. அவன் எனக்கு அந்நியன். அவனுக்காக நான் கவலைப்படுகிறேன் என்றால் கற்பனையின் மூலமாகத்தான். அப்படியானால், நாளைய என்னிடம் என்னைக் கொண்டுபோகிற அதே கற்பனை, பக்கத்து வீட்டுக்காரனிடமும் என்னைக் கொண்டுபோகும். சுயநலம் இயற்கை, பரோபகாரம் பயிற்சி என்பது பொய். இரண்டும் ஒரே திறமையின் பிரயோகங்கள்.

தர்க்கத்தில் ஓட்டை உண்டு. நாளைய பல்வலி வரும்போது என் வாயில்தான் வரும், பக்கத்து வீட்டுக்காரன் வாயில் வராது என்பது எனக்கு இன்றே தெரியும். இருந்தாலும் இந்த வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை. அதற்குக் காரணம் கவுன்ட்டர். காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் மாதம் 500 ரூபாய் ஆர்.டி. போட வந்தார். வாரிசுதாரர் யார் என்று கேட்டேன். "நான் இருந்தா எனக்கு, இல்லாட்டி பேத்திக்கு" என்றார். ஹாஸ்லிட்டின் முழுப் புத்தகத்தையும் அந்த அம்மாள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தைக் கேட்டார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வரப்போகும் தானும் பேத்தியும் அவருக்கு ஒரே தூரத்தில் இருந்தார்கள். படிவத்தில்தான் இரண்டு தனித்தனிக் கட்டங்கள்.

வங்கிச் சட்டமோ இந்த மாதிரிக் கற்பனையை நம்புவதில்லை. 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, இயக்குநர் ஒருவர் கூட்டாளியாகவோ வேறு வகையிலோ 'இன்டரஸ்ட்' உள்ளவராக இருக்கும் நிறுவனத்துக்கு அந்த வங்கி கடன் தரக்கூடாது என்று தடுக்கிறது. சரியான சட்டம்தான், ஊர்ப் பணம். ஆனால் இதை அப்படியே சிறுபத்திரிகைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் சேர்ந்து 300 பேர். ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டிருக்கிறோம். ஒருவர் இன்னொருவரை ஏதாவதொரு கூட்டத்தில் அவமானப்படுத்தியிருக்கிறோம். 20ஆவது பிரிவு அமலுக்கு வந்தால் மதிப்புரை எழுதத் தகுதியுள்ளவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். அல்லது கவிதை படிக்காதவர் மட்டும் மிஞ்சுவார். நடைமுறையில் நாம் கண்டுபிடித்திருக்கும் வழி வேறு. நண்பனின் புத்தகத்துக்கு, அவன் நண்பன் என்பதை மறைத்து, ஆர்னால்டின் குரலில் எழுதுகிறோம். பகைவனின் புத்தகத்தைப் பற்றி மௌனமாயிருந்து அதை நடுநிலை என்கிறோம். கவிதையிலிருந்து ஆளுமையை வெளியேற்றச் சொன்ன எலியட், அந்தக் கட்டுரையை எழுதிய 1919இல் லண்டன் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை இங்கே நான் கொஞ்சம் குறும்போடுதான் குறிப்பிடுகிறேன்.

ஹாஸ்லிட் தன் தத்துவத்துக்கு உண்மையாக இருந்தாரா? இருந்தார், இல்லை, இரண்டும். வேர்ட்ஸ்வொர்த்தோடு அவருக்கு இருந்த பழக்கம் கசப்பில் முடிந்தது. அரசியலிலும் அவர் பார்வையில் வேர்ட்ஸ்வொர்த் துரோகி. இத்தனைக்கும் பிறகு 1825இல் வந்த நூலில், அந்தக் காலத்தின் ஆன்மா வேர்ட்ஸ்வொர்த்திடம்தான் கலப்படமின்றி வெளிப்படுகிறது என்று எழுதினார். காயம் ஆறிவிட்டதால் எழுதியதல்ல. காயம் அந்தப் பக்கங்களிலேயே தெரிகிறது. காயத்தைத் தாண்டி எதிராளி வரை கை நீள்கிறது. அதே ஹாஸ்லிட்தான் 1816இல் கோல்ரிட்ஜின் சமயப் பிரசங்க நூலுக்கு, அது வெளிவருவதற்கு முன்பே, விளம்பரத்தை மட்டும் பார்த்து மதிப்புரை எழுதினார். கோல்ரிட்ஜின் அச்சான எழுத்துக்கும் அச்சாகாத எழுத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது அவர் சொன்ன சமாதானம். கோல்ரிட்ஜை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த அநியாயம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். ஆர்வமில்லாதவன் புத்தகம் வரும் வரை காத்திருந்திருப்பான்.

ஒரு நண்பரின் கவிதைத் தொகுதி மூன்று வாரமாக என் மேஜையில் இருக்கிறது. 64 பக்கம். அச்சுக்கூலியில் 4,000 ரூபாய் நான் கொடுத்தது. கடனா நன்கொடையா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொகுதியில் ஒன்பது கவிதைகள் நன்றாக இருக்கின்றன. மற்றவை அந்த ஒன்பதின் நிழல்கள். அடுத்த இதழில் இதைப் பற்றி எழுதப்போகிறேன். முதல் வாக்கியத்தில் 4,000 ரூபாய் இருக்கும். இரண்டாவது வாக்கியத்திலிருந்து கவிதைகள்.